கை சொன்னது சரி, எடை போட்டுப் பார்த்தீர்களா?

திருப்பூரிலிருந்து 41 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கம் நெருக்கி எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரிந்துவிடக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் 16 வருடமாகச் செக்கிங் பிரிவில் வேலை, இப்போது சூப்பர்வைசர். கணவர் வேறொரு யூனிட்டில் கட்டிங் மாஸ்டர். அந்த யூனிட் பெரும்பாலும் அமெரிக்க ஆர்டரை நம்பியது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவில் 50 சதவீத வரி என்று ஆனபோது ஆர்டர் நின்றது. அதிலிருந்து கணவருக்கு வேலை சீராக இல்லை, வாரத்துக்கு மூன்று நாள் என்றாகிவிட்டது. மீதி நாள்களில் வீட்டில் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்.

இந்த நேரத்தில் கணவரின் நண்பர் ஒருவர் மூலமாக ஒரு நிதி நிறுவனம் வீட்டுக்குள் வந்திருக்கிறது. லட்சத்துக்கு மாதம் 8,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து அசலும் திரும்ப வரும். மகள் படிப்புக்கென்று சேர்த்த நான்கு லட்சத்தையும், வாசகியின் பத்துப் பவுனை அடகு வைத்து வருகிற பணத்தையும் அதில் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். ஏஜெண்ட் வந்து உட்கார்ந்து பேசிய அரை மணி நேரமும் இவருக்கு ‘வயித்துல என்னமோ பண்ணுச்சு’. வேண்டாம் என்றால் கணவர் ஏன் என்று கேட்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை. ‘உனக்கு எதைக் காட்டுனாலும் அதுல ஒரு நொட்டை. கம்பெனியில பீஸ் பாக்குற மாதிரியே வீட்டுலயும் பாக்குற’ என்று பேச்சு முற்றி, ஒரு வாரமாக இருவரும் பேசிக்கொள்வதில்லை.

இது ஒரு பக்கம். மறுபக்கம், 18 வயது மகள் சென்னையில் இன்ஜினீயரிங் முதலாம் ஆண்டு, விடுதியில். அவளுக்கு ஏதோ ஆகப்போகிறது என்று இவருக்கு உள்மனசு சொல்லிக்கொண்டே இருக்கிறதாம். வலது கண் துடிக்கிறது. கெட்ட கனவு வருகிறது. ஒரு நாளில் ஒன்பது பத்து முறை போன். டிசியை வாங்கி ஊருக்கே கூட்டி வந்துவிடலாமா என்று யோசனை. சிவப்பு வந்தால் கூட்டி வந்துவிடுவது என்று நினைத்துக்கொண்டு கோயிலில் பூப்போட்டுப் பார்த்தார், சிவப்பு வந்தது. மனசு கேட்காமல் அடுத்த வாரமும் போட்டார், வெள்ளை வந்தது. ராத்திரி மூன்று மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்து முழிப்பு வந்துவிடுகிறது, ஆறேழு மாதமாக. தூக்கம் வராத அந்த நேரத்தில் பார்த்த ஒரு வீடியோவில், ‘உங்கள் உள்ளுணர்வு ஒருபோதும் பொய் சொல்லாது’ என்று ஒருவர் பேச, இவருக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் நடத்தும் பயிற்சிக்குக் கட்டணம் 18,000 ரூபாய்.

கடிதத்தின் கடைசியில் கேட்கிறார்: ‘எங்கம்மா இறந்ததுக்கு முந்தின ராத்திரியே எனக்குத் தெரிஞ்சுது. அன்னிக்குச் சரியாச் சொன்ன மனசு இன்னிக்குத் தப்பாவா சொல்லும்? நான் என் மனசை நம்பலாமா, வேண்டாமா? சில நாள் எங்காவது கண்காணாமல் போயிடலாம்னு இருக்குது. எனக்கு நிம்மதி வேணும்.’

அன்புள்ள தங்கைக்கு,

கடைசியில் எழுதியிருக்கிற அந்த ‘கண்காணாமல் போயிடலாம்’ என்பதை முதலில் கேட்டுவிடுகிறேன். அது அலுப்பில் வருகிற சொல்லாக இருக்கலாம், பல பெண்கள் என்னிடம் சொல்வதுதான். ஆனால் உயிரை விட்டுவிடலாம் என்கிற நினைப்பு அதற்குள் கொஞ்சமாவது இருந்தால், இந்தப் பதிலை அப்படியே வைத்துவிட்டு 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலிமானஸ் என்று பெயர். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், பணம் கிடையாது. மூன்று மணிக்கு முழித்துக்கொண்டு வீடியோ பார்ப்பதற்குப் பதிலாகவும் அழைக்கலாம், தவறே இல்லை.

இனி உங்கள் கேள்வி. உள்மனசை நம்பலாமா என்று ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிவது இரண்டு குரல்கள். ஏஜெண்டைப் பார்த்ததும் பேசியது ஒன்று, மகளைப் பற்றி ராத்திரி பேசுவது இன்னொன்று. இரண்டுக்கும் ‘உள்மனசு’ என்று ஒரே பெயர் வைத்துவிட்டதால்தான் இத்தனை குழப்பம்.

உங்கள் கைக்குத் தெரிந்தது

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், வேறு எதையோ சொல்லும்போது போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: ‘துணியைத் தொட்டாலே ஜிஎஸ்எம் கம்மின்னு கை சொல்லிடும், 180 கேட்டிருந்தா 165தான் இருக்கும்.’ ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். எனக்கு இந்தக் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான்.

அந்தக் கைக்கு எப்படி வந்தது அந்த ஞானம்? 16 வருடம், லட்சக்கணக்கான பீஸ். தொட்ட துணியை ஒவ்வொரு முறையும் வட்டமாக வெட்டி, தராசில் வைத்து, உண்மை எடையைப் பார்த்தீர்கள். கை சொன்னது சரியா தப்பா என்று அப்போதைக்கப்போது தெரிந்தது. தப்பினால் சரக்கு வாங்குகிற பையரிடமிருந்து திட்டு வந்தது. இப்படித்தான் கை கற்றுக்கொண்டது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அதே கை ஒன்றும் சொல்லியிருக்காது.

அமெரிக்காவில் கேரி கிளைன் என்ற உளவியலாளர், 1980களில் தீயணைப்பு அதிகாரிகளிடம் போய், நொடிக்குள் எப்படி முடிவு எடுக்கிறீர்கள் என்று விசாரித்தார். ஒருவர் சொன்ன கதை எங்கள் உளவியல் துறையில் எல்லோருக்கும் தெரியும். ஒரு வீட்டின் பின்பக்கம், சமையலறையில் தீ. உள்ளே நின்று தண்ணீர் அடிக்கிறார்கள், தீ அடங்கவில்லை. திடீரென்று அந்த அதிகாரிக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. எல்லோரும் வெளியே வாருங்கள் என்று கத்தினார். வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் நின்றிருந்த தரையே இடிந்து விழுந்தது. தீ கீழே, நிலவறையில் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. தனக்கு ஏதோ அமானுஷ்ய சக்தி இருக்கிறது என்றே அவர் நம்பினார். கிளைன் உட்கார்ந்து துருவித் துருவிக் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. அந்த அளவு தீக்கு அறையில் சூடு அதிகமாக இருந்தது, சத்தமோ குறைவாக இருந்தது, தண்ணீருக்குத் தீ கட்டுப்படவும் இல்லை. மூன்றையும் அவர் உடம்பு கவனித்துவிட்டது. வார்த்தையாக வந்து சேருவதற்கு முன்னால் கால் கிளம்பிவிட்டது.

நம் ஊரில் ‘பட்சி சொல்லுது’ என்கிறோமே, அது இதுதான். அந்தப் பட்சி வானத்திலிருந்து இறங்குவதில்லை. நீங்கள் பார்த்துப் பார்த்துப் பழகியதைத்தான் சொல்கிறது.

உள்ளுணர்வை நம்பாதே என்று பெயரெடுத்தவர் டேனியல் கானெமன், 2002ல் பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கியவர். அவரும் கிளைனும் எதிரெதிர்க் கட்சி. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து 2009ல் ஒரு கட்டுரை எழுதினார்கள்; பெரும்பாலும் ஒத்துப்போனார்கள். விஷயம் ஓர் ஒழுங்கோடு நடக்கிற இடமாக இருக்கவேண்டும். அந்த இடத்தில் செய்து பார்த்து, சரியா தவறா என்று உடனுக்குடன் தெரிந்து பழகியிருக்கவேண்டும். இரண்டும் இருந்தால் உள்ளுணர்வுக்குக் காது கொடுக்கலாம். ‘எனக்கு நிச்சயமாத் தெரியும்’ என்கிற உறுதி மட்டும் ஆதாரம் ஆகாது. அந்த வீடியோக்காரர் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

இன்னொன்றும் கேட்கிறேன். கை ‘கம்மி’ என்று சொன்னதும் அப்படியே ரிஜெக்ட் எழுதிவிடுவீர்களா? மாட்டீர்கள். வெட்டி, எடை போட்டு, எண்ணை ரிப்போர்ட்டில் எழுதித்தான் லாட்டைத் திருப்புவீர்கள். எடை போடச் சொல்வதுதான் கையின் வேலை, தீர்ப்பு தராசினுடையது. வீட்டு விஷயத்துக்கும் இதுவே போதும்.

லட்சத்துக்கு எட்டாயிரம்

ஏஜெண்ட் வந்த அன்று உங்கள் வயிறு எதைப் பார்த்தது? நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கோர்க்கவில்லை, அவ்வளவுதான். கேள்வி கேட்டது நீங்கள். அவர் பதில் சொன்னது உங்கள் கணவரைப் பார்த்து. வெள்ளிக்கிழமைக்குள் போட்டால்தான் எட்டாயிரம், அதற்கப்புறம் ஆறாயிரம் என்று அவசரப்படுத்தினார். மாதிரிக்குக் காட்டிய ரசீதில் வரிசை எண் அச்சில் இல்லை, பேனாவால் எழுதியிருந்தது. நாள் முழுக்க லாட் நம்பரும் பண்டில் நம்பரும் பார்க்கிற கண்ணுக்கு அது தப்புமா? உங்கள் வயிற்றைக் கலக்கியது காரணமில்லாத பயமே அல்ல.

இனி எடை போடுவோம். லட்சத்துக்கு மாதம் 8,000 என்றால் வருடத்துக்கு 96,000. கிட்டத்தட்ட போட்ட பணமே ஒரு வருடத்தில் வட்டியாக வருகிறது. பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கியிடம் அனுமதி பெற்ற நிதி நிறுவனங்களே ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக்கூடாது என்று உச்சவரம்பு இருக்கிறது. அதாவது லட்சத்துக்கு வருடம் 12,500. இவர்கள் சொல்வது அதைப்போல ஏழு மடங்குக்கும் மேல். எந்தத் தொழில் இந்த லாபத்தைத் தரும் என்று, தொழில் நகரத்திலேயே வாழ்கிற உங்கள் கணவரிடம் கேட்டுப் பாருங்கள்.

‘நண்பருக்கு ஐந்து மாதமா டாண்ணு வருது’ என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். புதிதாகச் சேருகிறவர் பணத்தில் பழையவருக்கு வட்டி கொடுக்கிற வரை வரும். புதியவர்கள் வருவது நின்ற மாதம் ஷட்டர் இறங்கும். ஐந்து மாதம் வட்டி வந்ததை வைத்து அசல் பத்திரமாக இருக்கிறது என்று நினைப்பதுதான் இங்கே பலரும் ஏமாறுகிற இடம். சுவரில் கம்பெனி பதிவுச் சான்றிதழ், ஜிஎஸ்டி சான்றிதழ் எல்லாம் மாட்டியிருக்கிறது என்கிறாராம். அவை இருந்தால் வியாபாரம் செய்யலாம். பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவதற்கு அனுமதி வேறு. முத்திரைத்தாளில் எழுதிக் கொடுப்பதும் அந்த அனுமதி ஆகாது.

ரிசர்வ் வங்கி ‘சசேத்’ என்ற இணையதளத்தை இதற்கென்றே நடத்துகிறது. அந்த நிறுவனம் யாரிடமாவது பதிவு செய்து டெபாசிட் வாங்க அனுமதி பெற்றதா என்று அங்கே தேடலாம், சந்தேகமிருந்தால் புகாரும் கொடுக்கலாம். முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்து 2019ல் மத்தியச் சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 1997ல் இருந்தே முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டம் இருக்கிறது. ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசில் புகார் கொடுக்கவேண்டும், ரசீதும் வங்கிக் கணக்கு விவரமும் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். பணம் திரும்பி வர வருடக்கணக்கில் ஆகும், முழுதாக வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கடிதத்தில் இன்னொரு வரி எனக்கு நெருடியது. ஆளைச் சேர்த்துவிட்டால் கமிஷன் உண்டு என்று ஏஜெண்ட் சொன்னாராம், உங்கள் கணவர் தன் யூனிட் ஆட்களின் பெயர்களை எண்ணிக்கொண்டிருக்கிறாராம். அந்த மத்தியச் சட்டப்படி, இப்படிப்பட்ட திட்டத்தில் பணம் போடச் சொல்லிப் பிறரை இழுப்பதும் குற்றம். போட்ட பணம் போவது ஒரு கஷ்டம். கூட வேலை செய்கிறவன் பணத்துக்கு நாம் வழக்கில் நிற்பது வேறு கஷ்டம்.

நகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘அவர் கேட்டா கொடுத்துத்தானே ஆகணும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. பிறந்த வீட்டில் போட்டதும், கல்யாணத்தில் உங்களுக்கு வந்ததும் உங்கள் சீதனம், சட்டப்படி உங்கள் சொத்து. நீங்கள் சம்மதித்தால் கொடுக்கலாம். கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் வீட்டுக்குள் சட்டத்தை முதல் வார்த்தையாக எடுக்காதீர்கள்.

எதை எடுப்பது? ‘எனக்கு மனசு ஒப்பல’ என்பது அவர் காதில் ‘உன்மேல் நம்பிக்கை இல்லை’ என்று விழுகிறது. வாரத்தில் நான்கு நாள் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிற கட்டிங் மாஸ்டருக்கு, சம்பாதிக்கிற மனைவி வேண்டாம் என்று சொல்வது எப்படி வலிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பத்தாயிரம் பீஸ் துணிக்குக் கத்தி வைத்த கை அது. இந்த மாதம் வீட்டுக்கு எவ்வளவு தேவை, எவ்வளவு குறைகிறது, எதைத் தள்ளிப்போடலாம் என்று ஒரு தாளில் இருவரும் சேர்ந்து எழுதுங்கள். மேலே சொன்ன கணக்கை அதே தாளின் பின்பக்கம் அவரையே போடச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை போனால் போகட்டும். நல்ல இடம் என்றால் அடுத்த வெள்ளியும் இருக்கும். அதுவரை பணம் வங்கியிலேயே இருக்கட்டும். வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு இருக்கிறது.

ராத்திரி பேசுகிற குரல்

மகள் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

ஏஜெண்ட் விஷயத்தில் கண்ணெதிரே ஓர் ஆள் இருந்தார், ரசீது இருந்தது, பேச்சு இருந்தது. மகள் விஷயத்தில் என்ன இருக்கிறது? நான்கு பக்கத்தையும் மறுபடி படித்தேன். விடுதி சரியில்லை என்று அவள் சொன்னதாக ஒரு வரி இல்லை. யாராவது தொந்தரவு தருவதாகவும் இல்லை. முதலில் பஸ்ஸில் ஏதோ ஆகும் என்று பயந்தீர்கள், பிறகு டெங்கு, பிறகு லிஃப்ட், போன மாதம் ‘யாரையாவது காதலிச்சு ஏமாந்துடுவாளோ’. பொருள் மாறிக்கொண்டே இருக்கிறது, நடுக்கம் மட்டும் அதேதான். பட்சி இப்படிப் பேசாது. அது ஒன்றைக் காட்டிச் சொல்லும், சொல்லிவிட்டு அமைதியாகும். பயம் காட்ட எதுவும் இல்லாமல் ‘ஒருவேளை, ஒருவேளை’ என்று ராத்திரி முழுக்கப் புலம்பும். போன் போட்டு அவள் குரலைக் கேட்டதும் பத்து நிமிடம் அடங்கி, பதினோராம் நிமிடம் மறுபடி எழும்பும். நீங்கள் ஒவ்வொரு முறை போன் போடும்போதும் அந்தப் பயத்துக்குத் தீனி போடுகிறீர்கள். நாளைக்கு அதற்குப் பன்னிரண்டு போன் வேண்டியிருக்கும்.

வேலை ஆட்டம் காண்கிறது, பணம் போகப்பார்க்கிறது, கணவர் பேசவில்லை. இவ்வளவு நடுக்கத்தையும் ஓரிடத்தில் இறக்கி வைக்கவேண்டுமே, அதற்கு மனசு மகளைத் தேர்ந்துகொண்டது. பாசம் அதிகமாக இருக்கிற இடத்தில்தான் பயம் போய் உட்காரும். அதை அபாயச் செய்தி என்று எடுத்துக்கொண்டு டிசி வாங்கினால், அவளுக்கு ஒரு வருடம் போகும், கட்டிய கட்டணம் எவ்வளவு திரும்ப வரும் என்பதும் கேள்வி. அவளுக்கு வயது 18. அவளைக் கேட்காமல் எடுக்கிற முடிவு, உங்களிடம் எதையும் சொல்லாமல் மறைக்க அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும். உண்மையிலேயே ஏதாவது நடக்கிற அன்று அவள் முதலில் அழைக்கவேண்டியது உங்களை. ஒன்பது போனுக்குப் பதில் சொல்லிக் களைத்தவள் பத்தாவதாக அவளாகக் கூப்பிடமாட்டாள்.

இங்கேயும் எடை போட வழி இருக்கிறது. ஒரு சனிக்கிழமை கிளம்பிப் போங்கள். வார்டனைப் பாருங்கள், இரவில் யார் இருப்பார்கள், வெளியே போனால் எப்படிப் பதிவு செய்கிறார்கள் என்று கேளுங்கள். மெஸ்ஸில் ஒருவேளை சாப்பிடுங்கள். அங்கே நிற்கும்போது ஏதாவது உறுத்தினால், வார்டன் பதிலை மழுப்பினால், அதை மதியுங்கள். அது கண்ணெதிரே நடப்பதைப் பார்த்து வருகிற உறுத்தல். மகளிடமும் இதையே சொல்லிக்கொடுங்கள்: ஆட்டோ வழி மாறுகிறது என்று பட்டால், ஓர் ஆள் அறைக்குள் வந்ததும் உடம்பு கூசினால், மரியாதை பார்க்காமல் எழுந்து வந்துவிடவேண்டும், காரணம் அப்புறம் யோசிக்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181, ராகிங் புகாருக்கு 1800-180-5522. இரண்டையும் அவள் போனில் ஏற்றிவிட்டு, பேசுவதை காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று அவளோடு பேசி முடிவு செய்யுங்கள். முதல் வாரம் கை துறுதுறுக்கும்; இரண்டாம் வாரம் கொஞ்சம் அடங்கும்.

அம்மா இறந்த ராத்திரி

அன்றைக்குத் தெரிந்ததே என்கிறீர்கள். தெரிந்திருக்கும், மறுக்கவில்லை. அம்மா நான்கு மாதமாகப் படுக்கையில். நீங்கள்தான் கூட இருந்தீர்கள். அன்று சாயங்காலம் கஞ்சி இறங்கவில்லை, கால் சில்லிட்டிருந்தது, மூச்சு இழுத்து இழுத்து வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தீயணைப்பு அதிகாரிக்குத் தரை சொன்னமாதிரி, உங்களுக்கு அம்மாவின் உடம்பு சொன்னது. பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்ட மகளுக்குத்தான் அது தெரியும்.

அதற்கு முந்தைய நான்கு மாதத்தில் எத்தனை ராத்திரி ‘இன்னிக்கு முடிஞ்சுடும்’ என்று பயந்து விடிந்திருக்கும்? அந்த ராத்திரிகளை நாம் யாரும் கணக்கு வைப்பதில்லை. பலித்தது ஒன்றுதான் நினைவில் நிற்கும். எனக்கும் இதே வியாதி உண்டு. இருபது வருடமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன். ஆள் உள்ளே வந்து பத்து நிமிடத்தில் இவர் இப்படித்தான் என்று தோன்றிவிடும். அதைக் குறித்து வைத்து, மூன்றாவது சந்திப்பில் எடுத்துப் பார்க்கிற பழக்கம் வைத்திருக்கிறேன். அந்தக் காகிதங்களை யாருக்கும் காட்டமாட்டேன்.

உடம்பையும் செக்கிங் செய்யுங்கள்

மூன்று மணிக்குப் படபடப்போடு முழிப்பு, ஆறேழு மாதமாகக் கவலை நிற்கவில்லை. அதோடு ‘மாசா மாசம் வர்றதும் முன்னப் பின்ன ஆகுது’ என்று ஓர் அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். அதைத் தாண்டக்கூடாது. நாற்பதுக்கு மேல் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய வருடங்களில் தூக்கம் கெடுவதும் படபடப்பும் நிறையப் பேருக்கு வரும். தைராய்டு கூடினாலும் படபடப்பு வரும், ரத்தசோகையிலும் வரும். அதனால் முதலில் ஒரு பொது மருத்துவரிடம் போய் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, ஒரு ஈசிஜி பார்த்துவிடுங்கள். எல்லாம் சரி என்றால், ஆறு மாதத்துக்கு மேல் பெரும்பாலான நாள்களில் விடாமல் தொடரும் இந்தக் கவலைக்கே மருத்துவத்தில் பெயரும் சிகிச்சையும் உண்டு. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம். மனநல மருத்துவரிடம் போனால் பைத்தியம் என்று சொல்வார்களே என்கிற பயம் உங்களுக்கு இருக்கும் என்று ஊகிக்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவரை நாம் அப்படிச் சொல்வதில்லை.

வலது கண் துடிப்பது பெரும்பாலும் தூக்கமில்லாததால், டீயால், பளிச்சென்ற டியூப்லைட்டின் கீழ் நாள் முழுக்க ஊசி ஓட்டையும் ஆயில் கறையும் தேடுகிறதால். சில வாரமாகியும் நிற்கவில்லை என்றால், அல்லது இமை தானாக மூடிக்கொண்டால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். ஐந்தாவது டீயை நிறுத்திப் பார்ப்பதும் நல்லது.

ராத்திரி முழித்தால் செல்போனைத் தொடவேண்டாம். இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். மூச்சை உள்ளே இழுக்கிற நேரத்தைவிட வெளியே விடுகிற நேரம் நீளமாக இருக்கட்டும். நாலு எண்ணி இழுத்தால் ஆறு எண்ணி விடுங்கள். இதயத்துடிப்பு மெல்ல இறங்கும். இதற்கு 18,000 ரூபாய் பயிற்சி தேவையில்லை. இன்னொரு விஷயம், உங்கள் மனசு பொய்யே சொல்லாது என்பவர் அதே மூச்சில் அதை எழுப்ப 18,000 கேட்கிறார் என்றால், ஏஜெண்டைப் பார்த்ததும் பண்ணிய அதே வயிற்றிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

பூவைப் பற்றிக் கேட்க நீங்கள் தயங்கியிருக்கிறீர்கள். கோயிலுக்குப் போவதை நிறுத்தச் சொல்லமாட்டேன். கூட்டமில்லாத நேரத்தில் பிராகாரத்தில் அரை மணி உட்கார்ந்து வருவது உங்களுக்கு நல்லது. ஆனால் ஒரே கேள்விக்கு இரண்டு வாரத்தில் இரண்டு நிறம் வந்துவிட்டது. மூன்றாவது தடவை போடாதீர்கள். அதைவிட, பொட்டலத்தைப் பிரித்துச் சிவப்பைப் பார்த்த நொடியில் உங்களுக்குள் என்ன நடந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ‘மனசு கேட்காமல்’ மறுபடி போட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மகள் அங்கேயே படிக்கட்டும் என்று உங்களுக்குள் யாரோ விரும்புகிறார்கள் போலிருக்கிறது.

நிம்மதி வேண்டும் என்றீர்கள். அமெரிக்க ஆர்டர் எப்படிப் போகும், கணவருக்கு முழு வாரமும் வேலை எப்போது கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. யாராவது தெரியும் என்றால் நம்பாதீர்கள். எல்லாம் நிச்சயமான பிறகுதான் நிம்மதி என்று காத்திருந்தால் அது வராது. ஆனால் கவலைக்கு ஒரு ஷிப்ட் ஒதுக்கலாம். வேலை விட்டு வந்து, சாயங்காலம் ஏழு மணிக்கு இருபது நிமிடம், ஒரு நோட்டோடு உட்காருங்கள். பகலில் வருகிற பயத்துக்கெல்லாம் ‘ஏழு மணிக்கு வா’ என்று சொல்லிவிடுங்கள். சிரிப்பாக இருக்கும், செய்து பாருங்கள். நிறையப் பேருக்குப் பலன் தந்த முறை.

அந்த நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள், உங்கள் செக்கிங் ரிப்போர்ட் மாதிரியே. முதல் கட்டத்தில் தேதி போட்டு, மனசு என்ன சொன்னது. இரண்டாவதில், அப்போது கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது என்ன. மூன்றாவதில், கடைசியில் என்ன நடந்தது. பொங்கலுக்கோ ஆடிக்கோ, மூன்று மாதம் தாண்டி ஒரு நாள் எடுத்துப் பார்த்தால், எந்தக் குரல் எத்தனை தடவை சரி என்று நான் சொல்லவேண்டியிருக்காது.

இன்றைக்கே முதல் வரியை எழுதிவிடலாம்: ஏஜெண்ட் வந்தார், வயிற்றில் என்னமோ பண்ணியது, ரசீது எண் பேனாவில், வெள்ளிக்கிழமைக் கெடு. மூன்றாவது கட்டம் இப்போதைக்குக் காலியாக இருக்கட்டும்.